முப்பது செக்கன் காணுமா? கடையில நிண்டு புது பொப் அல்பம் கேட்ட கதை

2024.02.11 ஞாயிறு, இரவு 9.40

மருமகன் இண்டைக்கு மத்தியானம் சாப்பிட வந்த இடத்தில சொன்ன கதை ஒண்டு மண்டைக்குள்ள நிண்டு குடையுது. புது அல்பம் ஒண்டு வந்திருக்கு மாமா எண்டு போனில போட்டான், ஒரு பாட்டுத் தொடங்கிக் குரல் வர முதல் அடுத்ததுக்குத் தட்டினான், அதையும் தட்டினான், நாலாவதில "சரிவராது" எண்டு மூடிப்போட்டு மீன்குழம்பை எடுத்துச் சோத்தில விட்டான். எனக்குப் பொறுக்கேல்ல. என்னத்தைக் கேட்டனீ எண்டு சரிவராது எண்டுறாய் எண்டு கேட்டன். "முப்பது செக்கன் காணும் மாமா, நல்ல அல்பம் எண்டா அதுக்குள்ள தெரிஞ்சிடும்" எண்டான்.

அதைத்தான் இஞ்ச கேக்கிறன். முப்பது செக்கன் காணுமா?

காணாது எண்டுறது என்ர கட்சி. 15 வயசில இருந்து திருகோணமலை டவுனில கடையில நிண்டு நிண்டு புது அல்பம் கேட்டு, காசு சேத்துச் சேத்து எடுத்து வளந்த ஆள் நான். அதில படிச்ச ஒரு பாடம் சொல்லுறன்: கசெற்றின்ர ஏ பக்கத்து முதல் பாட்டை ஒரு நாளும் நம்பக் கூடாது. அது விக்கிறதுக்கு வச்ச பாட்டு. கடைக்காரரிட்ட "அண்ணன், பி பக்கம் முதல் பாட்டைப் போடுங்கோ" எண்டு கேக்கோணும். அது நல்லா இருந்தா அல்பம் நல்லம்.

2024.02.12 திங்கள், காலை

நேற்று எழுதினதை வாசிச்சிட்டு ரெண்டு பிள்ளையள் "கடையில எப்பிடிக் கேக்கிறது, கடை எண்டா என்ன கடை" எண்டு கேட்டிருக்கினம். அது ஞாயமான கேள்வி, 2000க்குப் பிறகு பிறந்தவைக்கு எங்க தெரியப்போகுது.

றெக்கோடிங் பார் எண்டு சொல்லுவம். மத்திய வீதியில நான் போற கடை ஒண்டு இருந்தது, பேர் வேண்டாம். உள்ளுக்க ஆறு பேர் நிண்டா ஏழாவது ஆள் படியில. ஒரு கண்ணாடி அலுமாரி, அதுக்குள்ள கொழும்பில இருந்து வந்த ஒறிஜினல் கசெற்றுகள், அதை மாஸ்டர் எண்டு சொல்லுவினம், அது விக்கிறதுக்கு இல்லை. நாங்கள் வெறும் கசெற் வாங்கி, கொப்பித்தாளில பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா ரெண்டு மூண்டு நாளில பதிஞ்சு தருவினம். அட்டையில பாட்டுப் பேரெல்லாம் அந்த அண்ணன்ர கையெழுத்து, ஒரே சாய்வில, நீல மையில. அந்தக் கையெழுத்தை இப்பவும் எங்க கண்டாலும் பிடிப்பன்.

புதுசா ஏதும் வந்தா சிகரெட் பெட்டி மட்டையில மார்க்கரால பேர் எழுதி அலுமாரிக் கண்ணாடியில ஒட்டி இருக்கும். அதைப் பாத்திட்டு "இது எப்பிடி அண்ணன்" எண்டு கேட்டாப் போட்டுக் காட்டுவார். கடையில சனம் இல்லை எண்டா ரெண்டு பாட்டு. ஓடர் குடுத்தா மூண்டாவது. பள்ளிக்கூட உடுப்போட போனா ஒண்டுதான், அதுவும் பாதியில நிப்பாட்டுவார். பெரிய ஸ்பீக்கரில போட்டா ரோட்டால போற சனமும் கேக்கும், எங்கட வாயைப் பாக்கும். அப்பிடி நாலு பேருக்கு முன்னால நிண்டு ஒரு பாட்டு நல்லமோ எண்டு முடிவு எடுக்கிறது சின்ன வேலை இல்லை.

2024.02.12 திங்கள், இரவு 11

நேற்று எழுதின பாடத்தில பிழை இருக்கு. திருத்திறன்.

பி பக்கம் முதல் பாட்டும் விக்கிறதுக்கு வச்ச பாட்டுத்தான். இப்ப இருந்து யோசிக்கேக்கதான் பிடிபடுது. இது இசைத்தட்டுக் காலத்துப் பழக்கம். தட்டு ஒரே வேகத்தில, நிமிசத்துக்கு 33⅓ சுத்து சுத்தும், ஆனா ஊசி வெளி ஓரத்தில இருக்கேக்க ஒரு சுத்துக்கு நீளமான தவாளிப்பு, நடுவுக்குக் கிட்டப் போகப் போக அந்த நீளம் குறைஞ்சு கொண்டு வரும். அதால உள்பக்கம் வரேக்க சத்தத்தின்ர தெளிவு குறையும், சத்தமான பாட்டை அங்க வச்சா இரையும். அதுதான் அடிச்சு எழும்புற பாட்டுகளை ரெண்டு பக்கத்துக்கும் தொடக்கத்தில வச்சு, மெதுவான பாட்டுகளைக் கடைசிக்குத் தள்ளினவை. கசெற்றுக்கு உந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை, அது தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் ஓடும், ஆனாலும் வரிசை போடுற பழக்கம் அப்பிடியே வந்திட்டு.

அப்ப என்ர பாடம் இப்பிடி மாறுது: பி பக்கத்தில ரெண்டாவது இல்லாட்டி மூண்டாவது பாட்டு. ஒருத்தரும் உங்களுக்கு விக்கிறதுக்கு எண்டு வைக்காத இடம் அதுதான்.

2024.02.14 புதன்

இதுக்கு மேல நியாயம் சொல்லாமல் நடந்ததையே சொல்லுறன். இதைச் சொல்லாமல் நான் ஏன் இவ்வளவு சூடாக் கதைக்கிறன் எண்டு விளங்காது.

1992. 90 ஜூனில சண்டை திரும்பத் தொடங்கி ஊர் பாதி வெறிச்சுப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் சனம் திரும்பி வந்து கடையள் திறந்த நேரம். எங்கட வீடு பாலையூற்றில. டவுனுக்கு சைக்கிளில வந்தா ஆறு மணிக்கு முதல் செக்பொயின்ற் தாண்டி வீட்டுக்குள்ள நிக்கோணும், அது அப்பான்ர சட்டம். மைக்கல் ஜாக்சன்ர டேஞ்சரஸ் 91 நவம்பரில வந்தது, எங்கட கடைக்கு மாஸ்டர் வந்து சேர அடுத்த வருசம் ஆகிட்டு. மட்டையில பேரைக் கண்ட உடன எனக்குக் கை நடுங்கினது இப்பவும் ஞாபகம்.

போட்டார். முதல் பாட்டுத் தொடங்கிறது கண்ணாடி உடையிற சத்தத்தோட. வெளியில நிண்ட ஆள் ஒருத்தர் அலுமாரிதான் உடைஞ்சு போச்சு எண்டு உள்ளுக்க ஓடி வந்தார். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலயே முடிவு, எடுக்கிறது எண்டு.

சிக்கல் காசில வந்தது. அந்த அல்பத்தில 14 பாட்டு, 77 நிமிசம். என்னட்ட இருந்த காசுக்கு 60 கசெற்தான் வரும், பக்கத்துக்கு அரை மணித்தியாலம். 17 நிமிசத்தை வெட்டோணும். "எதை விடுறது எண்டு நீயே சொல்லு தம்பி" எண்டிட்டு அண்ணன் ஒவ்வொரு பாட்டா தொடக்கத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டுக்கு அரை நிமிசம், அவ்வளவுதான். முப்பது செக்கன். மருமகனே, உன்ர கணக்கு நான் 15 வயசில செய்து பாத்த கணக்கு.

பதினோராவது பாட்டு, வில் யூ பி தெயார். அது பாட்டாத் தொடங்காது. பீத்தோவன்ர ஒன்பதாவது சிம்பொனியில இருந்து ஒரு துண்டு, கிளீவ்லண்ட் ஓர்க்கெஸ்ற்றாவும் கோரஸும். ஒரு நிமிசம் தாண்டியும் மைக்கலின்ர குரல் வராது. நான் அரை நிமிசம் கேட்டிட்டு "இது ஏதோ சேர்ச் பாட்டு, வேண்டாம்" எண்டன். அது ஏழரை நிமிசத்துக்கு மேல போற பாட்டு, அதை விட்டாலே அரைவாசிப் பிரச்சினை தீந்துது. அதோட ஹூ இஸ் இட் எண்ட ஒண்பதாவது பாட்டையும், பதின்மூண்டாவதா இருந்த சின்னச் சோகப் பாட்டையும் விட்டன். கணக்குச் சரி. காசு குடுத்திட்டு சைக்கிளை எடுத்து மிதிச்சன்.

அந்தக் கசெற்றை நான் எத்தனை தரம் கேட்டன் எண்டு சொல்ல ஏலாது. பதினொரு பாட்டும் மூச்சு எங்க எடுக்கிறார் எண்டது வரைக்கும் பாடம். அல்பம் எனக்கு முழுக்கத் தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன்.

2009 ஜூன் 25 மைக்கல் செத்தார். ஜூலை 7 அஞ்சலி நிகழ்ச்சி ரிவியில போகுது. எங்கட நாட்டில அந்த மே மாசம் என்ன நடந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை, அந்த நாளில பாட்டுக் கேக்கிற மனம் ஒருத்தருக்கும் இல்லை, சும்மா ரிவி போய்க்கொண்டு இருந்தது. ஜெனிஃபர் ஹட்சன் எண்ட பாடகி வந்து ஒரு பாட்டுப் பாடினா. நான் குசினிக்குள்ள இருந்து வந்து நிண்டன். நிண்ட இடத்தில நிண்டு முழுக்கக் கேட்டன். அழுகை வந்திட்டு. என்ன பாட்டு இது, ஏன் எனக்குத் தெரியாது எண்டு அடுத்த நாள் தேடினா, டேஞ்சரஸ், பதினோராவது பாட்டு.

17 வருசம் அது இல்லாமல் அல்பத்தைக் கேட்டிருக்கிறன். நானே வேண்டாம் எண்டு சொல்லி.

2024.02.15 வியாழன்

"அப்ப ஏன் 90 கசெற் எடுக்கேல்ல, கடன் சொல்லியிருக்கலாமே" எண்டு ஒருத்தர். கடையில கடன் இல்லை எண்டு போட் இருந்தது. அதோட அப்பாட்டத் தெரிஞ்சா தோல் உரிச்சிருப்பார்.

இன்னொருத்தர் எழுதியிருக்கிறார், கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கப் போனாலே தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் இருக்கிறம், பாட்டுக்கு அரை நிமிசமா எண்டு. சிரிச்சன், ஆனா அதுதான் விசயம்.

2024.02.18 ஞாயிறு

கடையில கேக்கிறதில இன்னொரு ஏமாத்து இருக்கு, அதையும் சொல்லோணும். இது கடைக்காரர் வேணுமெண்டு ஏமாத்திறது இல்லை, எங்கட காது எங்களை ஏமாத்திறது.

கடையில சத்தமாப் போடுவினம். பேஸையும் கூர்ச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசர் எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி நிக்கும், ரெண்டு கரையும் மேல, நடுவு கீழ, சிரிச்ச வாய் மாதிரி. பேஸ் நெஞ்சில குத்தும், சிம்பல் காதில மின்னும். வீட்டை வந்து அதே பாட்டை எங்கட சின்ன செற்றில போட்டா சப்பெண்டு இருக்கும். நான் கன காலம் கசெற் பிழை எண்டு நினைச்சன். உண்மை என்னெண்டா மனிசக் காது குறைஞ்ச சத்தத்தில பேஸையும் கூர்ச் சத்தத்தையும் ஒழுங்காக் கேக்காது, நடுவில இருக்கிற குரலைத்தான் கூடக் கேக்கும், சத்தம் கூடக் கூடத்தான் மற்றது ரெண்டும் எழும்பி வரும். 1933 இலயே ஃபிளெச்சர், மன்சன் எண்ட ரெண்டு பேர் இதை அளந்து கோடு கீறிக் காட்டிப்போட்டினம். ஒரே பாட்டைச் சும்மா துளி சத்தம் கூட்டிப் போட்டாலே "இது நல்லம்" எண்டு ஆக்கள் சொல்லுவினம், சத்தம் கூட எண்டு சொல்லமாட்டினம்.

இதுக்கு எங்கட அண்ணன் ஒரு வழி வச்சிருந்தார், அவருக்கு ஃபிளெச்சரையும் தெரியாது மன்சனையும் தெரியாது. பழக்கமான ஆள் வந்து "எடுக்கவோ அண்ணன்" எண்டு கேட்டா, ஒண்டும் சொல்லாமல் சத்தத்தைக் குறைப்பார். நல்லாக் குறைப்பார், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில கரண்டி அடிக்கிற சத்தம் கேக்கிற அளவுக்கு. "இப்பயும் பிடிச்சிருக்கோ?" எண்டு கேப்பார். பிடிச்சிருந்தா எடு. பிடிக்கேல்லை எண்டா நீ ஸ்பீக்கரைத்தான் கேட்டிருக்கிறாய் எண்ட கணக்கு.

நான் இண்டைக்கும் புதுப் பாட்டு எதையும் அப்பிடித்தான் சோதிக்கிறன். செய்து பாருங்கோ.

அதோட, ஹெட் சாய்வு எண்டு ஒண்டு இருந்தது. ஹெட் எண்டா கசெற் நாடாவில பதியிற, வாசிக்கிற தலை. பதியிற டெக்கில ஹெட் ஒரு துளி சரிஞ்சு நிண்டு, வீட்டுச் செற்றில நேரா நிண்டா, கூர்ச் சத்தம் எல்லாம் போய் கம்பளிக்குள்ளால கேக்கிற மாதிரி இருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில ஒரு குட்டி ஸ்க்ரூ, அதைக் கால்வாசி திருப்பினா பாட்டு முழிச்சுக்கொள்ளும். ஆனா அந்தக் கடைக் கசெற்றுக்குத் திருப்பினா மற்றக் கடைக் கசெற் மங்கிப்போகும். அதால ஆக்கள் ஒரே கடையில பதிஞ்சவை. விசுவாசத்தில பாதி அந்த ஸ்க்ரூவாலதான் வந்தது.

2024.02.19 திங்கள்

ஸ்க்ரூவை வீட்டில திருப்பினவை கனபேர் போல, எல்லாரும் எழுதியிருக்கிறியள், தங்கச்சீன்ர நகவெட்டிக் கூரால திருப்பினன் எண்டும் ஒருத்தர். நாடா இரைச்சலைக் குறைக்கிற டொல்பி விசயத்தையும் ஒருத்தர் ஞாபகப்படுத்தினார்: டொல்பி போட்டுப் பதிஞ்ச கசெற்றை டொல்பி இல்லாத செற்றில போட்டா சத்தம் கூர்மையாக் கேக்கும். சரிதான். எங்களுக்கு அது பிடிச்சிருந்தது. கிளியரா இருக்கு எண்டு சந்தோசப்பட்டம்.

2024.02.22 வியாழன்

மருமகன் இதெல்லாம் வாசிச்சிட்டான். அவன்ர மறுமொழியை நேர்மையா எழுதிறன், ஏனெண்டா அதில ஞாயம் இருக்கு.

"மாமா, நீங்கள் ஒரு பாட்டை வச்சுக் கதைக்கிறியள். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்ர மில்லேனியம் எடுங்கோ, 1999. ரெண்டாவது பாட்டுக்கு உங்களுக்கு எத்தனை செக்கன் வேணும்?"

எனக்குப் பத்துச் செக்கனே காணும். கிற்றார் ரெண்டு இழுப்பு இழுத்து முடிய குரல் வந்திட்டு, அது என்ன மாதிரிப் பாட்டு, எங்க போகப்போகுது, கோரஸ் எப்பிடி எழும்பும் எல்லாம் அந்த இடத்திலயே விளங்கும். 99 இல அந்த அல்பம் வந்த நேரம் நான் வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தன், அதே கடையில அதைப் போட, டியூசன் முடிஞ்சு வந்த பிள்ளையள் வாசலில நிண்டு கூடப் பாடினது ஞாபகம், அதுக்கு முதல் நாள்தான் மாஸ்டர் வந்தது. எப்பிடித் தெரியும் எண்டா ரேடியோ. 98 இல சக்தியும் சூரியனும் தொடங்கி, இங்கிலீஷ் ஸ்டேஷன்களும் போக, அல்பம் கடைக்கு வர முதல் பாட்டு வந்திடும்.

அப்ப முப்பது செக்கனில தெரியிற அல்பமும் இருக்கு. நான் முதல் நாள் "காணாது" எண்டு ஒரே வெட்டா வெட்டினது பிழை. கதவைத் திறந்து வச்சிருக்கிற பாட்டுகள் இருக்கு, முத்தம், விறாந்தை எல்லாம் தாண்டித்தான் வீட்டுக்க விடுற பாட்டுகளும் இருக்கு. முதல் வகையை நான் குறைச்சுச் சொல்லேல்ல, அப்பிடி ஒரு பாட்டு எழுதுறது லேசும் இல்லை. ரெண்டாவது வகைதான் அரை நிமிசத்தில செத்துப்போகுது, என்ர கவலை அதில.

2024.02.25 ஞாயிறு

"பொப் எண்டா இங்கிலீஷ் மட்டுமோ" எண்டு கேட்ட ஆளுக்கு.

இல்லை ஐயா, அதுவும் திருகோணமலையில இருந்து கொண்டு அப்பிடிச் சொன்னா கோணேசர் பொறுக்கமாட்டார். எங்கட ஊர் பரமேஸ் கோணேஸ் சகோதரர்கள் ஈழத்தில தமிழ்ப் பாட்டை இசைத்தட்டாக் கொண்டு வந்த முன்னோடியள். உவர்மலையில என்ர பெரிய மாமா வீட்டில ஒரு தட்டு பிளேயர் இருந்தது, சின்ன வயசில அங்க போனா அவர்கள்ட பாட்டுத்தான் முதல் போடுவார், "இது நம்மட ஊர்ப் பெடியள் பாடினது" எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஊசியை வைப்பார். ஒவ்வொரு தரமும் சொல்லுவார், கேட்டுக் கேட்டு எங்களுக்கு அந்த வசனமும் பாட்டின்ர முதல் வரி மாதிரி ஆகிட்டு.

எழுபதுகளில நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எண்டு ஒரு அலை அடிச்சது, துள்ளிசை எண்டும் பொப்பிசை எண்டும் சொன்னவை, கிற்றாரும் பைலாத் தாளமும் எங்கட வீட்டுப் பேச்சும். மனோகரன்ர சுராங்கனி தமிழ்நாட்டையே ஆட்டினது, அவர் 2018 இல காலமானார். எங்கட கடையில இந்தப் பாட்டுகளை ஒருத்தரும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேக்கிறதில்லை, ஏனெண்டா எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டுக்கு எண்டு லிஸ்டில கடைசியா எழுதுவினம்.

பிறகு 2006 இல மலேசியாவில இருந்து யோகி பி, நட்சத்திராவின்ர வல்லவன். அப்ப சீடியும் எம்.பி.3யும் வந்து கசெற் படுத்திட்டு. ஒரு சீடியில நூற்றைம்பது பாட்டு அடிச்சுத் தருவினம். அதில ஒரு மாற்றம் நடந்தது, அப்ப விளங்கேல்ல: நூற்றைம்பது பாட்டில எது எந்த அல்பம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அட்டை இல்லை, வரிசை இல்லை, அண்ணன்ர கையெழுத்து இல்லை. கேட்டுப் பாத்து எடுக்கிற வேலையும் இல்லை, எல்லாம் வருது, பிடிக்காட்டித் தட்டு. மருமகன்ர விரல் அங்கதான் பிறந்தது.

2024.02.26 திங்கள்

பெரிய மாமாவின்ர பிளேயர் என்ன ஆச்சு எண்டு கேட்டவைக்கு: 2004 டிசம்பர் 26 இல்லை, அவர் வீடு மேட்டில, கடல் வரேல்ல. 1990 இல வீட்டை விட்டுப் போய் வந்து பாக்க, பிளேயரும் இல்லை, தட்டுகளும் இல்லை. அதுக்குப் பிறகு அவர் பாட்டுக் கேட்டதை நான் காணேல்ல.

2024.03.01 வெள்ளி

படப்பாட்டுக்கு ஏன் இந்தக் கரைச்சல் இல்லை எண்டு யோசிச்சுப் பாத்தன். 92 இல ரோஜா வந்தது, அதே கடையில ஒருத்தரும் "போட்டுக் காட்டுங்கோ" எண்டு கேட்டு யோசிச்சு எடுக்கேல்ல, ஒருத்தர் எடுக்க எல்லாரும் எடுத்தம். படப்பாட்டுக்குப் பின்னால படம் இருக்கு, நடிகர் இருக்கு, ரேடியோவில போகும், ரோட்டில பாடும், பிடிக்காட்டியும் நாலு நாளில பிடிச்சிடும். பொப் அல்பத்துக்கு அந்தத் துணை ஒண்டும் இல்லை. அது தனியா வந்து கடையில நிக்கும். அதால அதுக்கு நாங்கள் குடுக்கிற நேரம்தான் அதுக்கு எல்லாம்.

இன்னொண்டு. இந்த முப்பது செக்கன் மருமகன் கண்டுபிடிச்சது இல்லை. 2003 இல ஐரியூன்ஸ் கடை திறந்த நேரமே மாதிரிக்குக் கேக்க முப்பது செக்கன்தான் விட்டவை, 2010 இல தொண்ணூறு ஆக்கினவை. ஸ்பொட்டிஃபை எங்கட நாட்டுக்கு வந்தது 2021 பெப்ரவரியில, அதில ஒரு பாட்டு முப்பது செக்கன் ஓடினாத்தான் ஒரு தரம் கேட்டதா எண்ணுவினம். அப்ப பாட்டுச் செய்யிற ஆக்கள் என்ன செய்வினம்? முப்பது செக்கனுக்குள்ள ஆளைப் பிடிக்கப் பாப்பினம். கடைக்காரர் வெட்டின துண்டு இப்ப பாட்டுக்குள்ளயே வந்திட்டு. பீத்தோவனை ஒரு நிமிசத்துக்கு மேல பாட விட்டிட்டு மைக்கல் வாய் திறக்கிற மாதிரி ஒரு பாட்டு இண்டைக்கு ஒருத்தர் கொண்டு போனா முன்னுக்கு உள்ளதை வெட்டு எண்டுதான் சொல்லுவினம்.

2024.03.09 சனி, விடியப்புறம்

நித்திரை இல்லை, சிவராத்திரி முடிஞ்சு இப்பத்தான் கோணேசர் கோயிலால வந்து குளிச்சிட்டு இருக்கிறன். ஆனா இதை இப்பவே எழுதாட்டி மறந்திடுவன்.

மூண்டாம் சாமத்துக்குக் கிட்ட, கோட்டைப் பக்கமா இறங்கி வாற வழியில மான் ரெண்டு படுத்திருந்தது, அதுக்குப் பக்கத்தில கல்லில ஒரு வயசான ஆள் இருந்தார். சாய்ஞ்சு இருக்கிற விதத்தில பிடிச்சிட்டன். கடை அண்ணன். இருபது வருசத்துக்கு மேல காணேல்ல. தலை முழுக்க வெள்ளை. கடை மூடி பிறகு போன் ரீலோட் கடை வச்சு, இப்ப அதையும் மகன் பாக்கிறானாம்.

டேஞ்சரஸ் கதையைச் சொன்னன். அவர் கேட்டுக்கொண்டே இருந்திட்டுச் சொன்னார், "நீ பிழையாச் சொல்லுறாய் தம்பி."

அவர் சொன்னதை அப்பிடியே எழுதிறன். "அந்தப் பாட்டை நான் உனக்கு முப்பது செக்கனில நிப்பாட்டேல்ல. மற்றதெல்லாம் நிப்பாட்டினன், அதை நிப்பாட்டேல்ல. கொஞ்சம் பொறு, ஆள் இனித்தான் வருவார் எண்டு சொன்னனான். நீ வெளியில பாத்துக்கொண்டு நிண்டனீ, வெயில் சாய்ஞ்சிட்டு, செக்பொயின்ற் எண்டு சைக்கிளைப் பிடிச்சிட்டாய். நான் என்ன செய்ய, லிஸ்டில வெட்டினன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. துளியும் இல்லை. ஆனா அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை, அதோட வெயில் சாய்ஞ்சது எண்டு சொன்ன உடன நெஞ்சுக்குள்ள ஏதோ செய்தது, ஏனெண்டா சைக்கிளை அப்பிடி மிதிச்சது ஞாபகம்.

எப்பிடி அண்ணன் அதைப் போய் ஞாபகம் வச்சிருக்கிறியள் எண்டு கேட்டன். அந்த வருசம் அந்த அல்பத்தைப் பன்னிரண்டு பதின்மூண்டு பேர்தான் எடுத்தவையாம், அந்தப் பாட்டை வெட்டினது நான் ஒருத்தன்தானாம். அதோட இன்னொண்டு சொன்னார். "ராவில கடையைப் பூட்டிப்போட்டுப் பதியேக்க நான் தனியத்தான் இருப்பன். வெளியில ஒரு சத்தமும் இருக்காது, பயமாவும் இருக்கும். பதியிறது எண்டா முழுப் பாட்டும் ஓடோணும், நடுவில தட்ட ஏலாது. உங்கள் எல்லாரையும் விட நான்தான் அந்த அல்பங்களைக் கேட்டது."

கேட்டிட்டு நான் ஒண்டும் கதைக்கேல்ல. கன நேரம் இருந்தம். மேல மணி அடிச்சது, எழும்பிப் போனம்.

2024.03.10 ஞாயிறு

நேற்று எழுதினதை நித்திரை கொண்டு எழும்பி வாசிச்சுப் பாத்தன். பெப்ரவரி 14ஆம் திகதி எழுதினதை அழிக்கேல்ல, அது எனக்கு 30 வருசமா இருந்த ஞாபகம், அப்பிடியே கிடக்கட்டும். ஆனா அதில ஒரு வரி பிழை: எல்லாப் பாட்டுக்கும் அரை நிமிசம் எண்டது. ஒரு பாட்டுக்கு அவர் கூட நேரம் தந்திருக்கிறார், நான் எடுக்கேல்ல.

மூண்டு பேர் "அப்ப முப்பது செக்கன் வாதம் விழுந்து போச்சே" எண்டு எழுதியிருக்கிறியள். விழேல்ல எண்டுதான் நினைக்கிறன், ஆனா இடம் மாறிட்டு. செக்கன் கணக்கை விட, கேக்கிற ஆளுக்கு அவசரமோ இல்லையோ எண்டதுதான் பெரிசு போல. நான் கடை வாசலில நிண்டு வெயிலைப் பாத்த மாதிரித்தான் மருமகன் சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து அடுத்த பாட்டைப் பாக்கிறான். எனக்கு செக்பொயின்ற் இருந்தது. அவனுக்கு என்ன இருக்கு எண்டு நான் இன்னும் கேக்கேல்ல. கேக்கோணும்.

பி பக்கம் மூண்டாவது பாட்டு எண்ட பாடத்தை மட்டும் விடமாட்டன். டேஞ்சரஸ் கசெற்றில பி பக்கம் தொடங்கிறது உலகத்துக்கு முதல் விட்ட பாட்டோட, பிளாக் ஓர் வைட். அதிலயிருந்து எண்ணுங்கோ, நாலாவதாத்தான் நான் வெட்டினது வருது.

2024.03.17 ஞாயிறு

மருமகன் வந்தான். சாப்பாடு முடிய, போனை வாங்கி மேசையில கவிட்டு வச்சிட்டு, என்ர பழைய அம்ப்பில அல்பத்தை முழுக்கப் போட்டன், 77 நிமிசமும், தட்டுறது இல்லை எண்டு சொல்லி. ஒத்துக்கொண்டான். உனக்கு என்ன அவசரம் எண்டு கேட்டன், கொஞ்சம் யோசிச்சான், "அவசரம் இல்லை மாமா, அடுத்தது இதை விட நல்லா இருக்குமோ எண்டுதான் தட்டுறன்" எண்டான். நல்ல மறுமொழி, நான் எதிர்பாக்கேல்ல.

கண்ணாடி உடைய அவனும் திரும்பிப் பாத்தான்.

பதினோராவது பாட்டு வந்தது. நான் அவன்ர முகத்தைப் பாக்காமல் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தன். கோரஸ் போகுது, போகுது, குரல் வந்தது, எனக்கு வழக்கம் போலக் கண் நிறைஞ்சது. முடிய, "எப்பிடி?" எண்டு கேட்டன். "நல்லம்தான் மாமா, ஆனா நீளம். கடைசியில கதைக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல" எண்டான்.

சரி எண்டன். பிறகு கேட்டான், "இதுக்கு ரெண்டுக்கு முதல் ஒண்டு போனதே, தொடக்கத்தில பேய் வீட்டில பாடுற மாதிரி, பிறகு பேஸ் வந்து குத்தினது, அது என்ன? அதைத் திரும்பப் போடுங்கோ."

ஹூ இஸ் இட். நான் வெட்டின மூண்டில அதுவும் ஒண்டு. அதை நான் 2009க்குப் பிறகும் ஒழுங்காக் கேக்கேல்ல, பதினோராவதைத் தேடிப் போறதில அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறன். திரும்பப் போட்டம். ரெண்டு பேரும் இருந்து கேட்டம், சத்தத்தைக் குறைச்சும் ஒருக்காக் கேட்டம். அப்பிடிக் குறைச்சுக் கேக்கேக்கதான் பின்னுக்கு அவர் தன்ர குரலையே அடுக்கி அடுக்கி வச்சிருக்கிறது கேட்டது.

அவன் இப்ப போயிட்டான். நான் நாலாந்தரம் போட்டிருக்கிறன்.